வலதுபக்கம் நான்கு விரல் இறக்கம்

சித்தப்பாவின் விமானத்தில் கருவிப் பலகை நேராக இருக்காது. விமானி உட்காரும் இடதுபக்கம் வழக்கமான உயரத்தில் வந்து, நடுவில் சரிந்து, வலதுபக்கம் நான்கு விரல் அளவு இறங்கிவிடும். பறக்கும் கழகத்துக்கு வருகிறவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, வெட்டும்போது அளவு பிழைத்துவிட்டதா என்று கேட்பார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உத்தியோகத்தை நானாகவே எடுத்துக்கொண்டேன். அது எனக்காக வெட்டியது, நான் கட்டை, அதனால்தான், என்று ஜெர்மன் மொழியில் விளக்குவேன். யாரும் கேட்காவிட்டாலும் விளக்குவேன்.

ஜெர்மனியில், ஆஹெனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். மேல்மாடியில் நாங்கள், கீழே சித்தப்பாவும் சித்தியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மாவும் அப்பாவும் மாறி மாறி ஷிஃப்ட் வேலைக்குப் போனதால், பள்ளிக்கூடம் விட்டதும் நான் கீழ்வீட்டுப் பிள்ளையாகிவிடுவேன். சித்தப்பா தொழிற்சாலை இயந்திரங்களுக்கான மின்பெட்டிகளில் வயர் பூட்டுகிறவர். அந்த வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைத் தலையில் நரை எட்டிப்பார்க்கும் வயதில், மீசை முளைக்காத பெடியன்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்து முடித்தவர்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பேக்கரிக்காரர் ஒருவர் இருந்தார். ஜெர்மன்காரர். தாத்தா என்ற அர்த்தத்தில் நான் அவரை ஓப்பா என்று கூப்பிடுவேன். ஓப்பா தன் கொட்டகைக்குள் வருடக்கணக்காக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். இரும்புக் குழாய்ச் சட்டகம், மேலே துணி போர்த்தியது. சிறகு முடிந்தது, வால் முடிந்தது, வயர் பூட்டும் கட்டம் வந்ததும் நின்றுபோனது. காலம் முழுக்க மாவோடு பழகிய அவருடைய கை, மெல்லிய வயரைப் பிடித்தால் நடுங்கியது. வேலிக்கு மேலால் கதைத்துக் கதைத்து ஒருநாள் சித்தப்பாவைக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து நிமிசத்தில் வாறன் என்று போன சித்தப்பா, சோறு ஆறி அவலான பிறகுதான் திரும்பி வந்தார்.

வயர் வேலை சித்தப்பாவுடையது, விமானத்தில் பாதி சித்தப்பாவுக்கு, ஓட்டுவதும் சித்தப்பாதான் என்று ஒப்பந்தமாயிற்று. ஏனென்றால் ஓப்பாவுக்கு ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே தலை சுற்றும். கட்டுவதுதான் தனக்குப் பிடிக்கும், பறப்பது மற்றவர்களின் பிரச்சினை என்பார். சித்தப்பா கழகத்தில் சேர்ந்து, வார இறுதிகளில் படித்து, ஓட்டுவதற்கு அனுமதி எடுத்தார்.

சித்தப்பாவுக்கு இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்றால், அவர் ஒரே ஒரு கதை சொல்வார். அகதியாக இந்த நாட்டுக்கு வந்தபோது, கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்டில் போய் இறங்கும் விமானத்தில், பயத்தில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். கழிப்பறைக்குப் போக எழுந்தபோது விமானிகளின் கதவு திறந்து கிடந்திருக்கிறது. உள்ளே சுவர் முழுக்க மணிக்கூடு மாதிரி வட்டங்கள், எல்லாவற்றிலும் வெளிச்சம். அந்தப் பயணத்தில் அது ஒன்றுதான் ஞாபகம் என்பார். மற்றது எதையும் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சித்திக்கோ விமானம் என்ற பேச்சே ஆகாது. ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் எங்கள் கூரைக்கு மேலால் போனால், அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய் நிற்பார். சத்தம் தேய்ந்ததும் வந்து, விட்ட இடத்திலிருந்து வெங்காயம் வெட்டுவார். யாழ்ப்பாணத்தில் அவர் என் வயதில் இருந்தபோது விமானங்கள் வந்து குண்டு போட்டன, எல்லாரும் பங்கர் வெட்டி அதற்குள் ஓடி ஒளிந்தார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது தெரியும், பாடப்புத்தகத்தில் இருப்பது தெரிவதுபோல. படிக்குக் கீழே நிற்பது சித்தியின் ஒரு பழக்கம், சிலருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாததைப்போல என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சித்தப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"இஞ்சேரும், எல்லாம் முடிஞ்சு பறக்கேக்கை, முதல் ஆளா நீர் வாறீரோ?"

சித்தி புட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே பதில் இருந்தது.

"உங்கடை அந்தப் பொம்மருக்குள்ளை என்னாலை ஏற ஏலாது. இனி இதைப்பற்றி என்னட்டைக் கேக்காதேங்கோ."

பொம்மர் என்பது குண்டு போடும் விமானத்துக்கு அவர்கள் ஊரில் சொல்வது. சித்தப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் புட்டைப் பிசைந்துகொண்டே கணக்குப் போட்டேன். சித்தி வரமாட்டார். ஓப்பாவுக்குத் தலை சுற்றும். அம்மாவும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை நித்திரைக்காகவே உயிர்வாழ்கிறவர்கள். ஆக, முதல் பயணத்தில் வலதுபக்க இருக்கை எனக்குத்தான். அந்த வாரமே வகுப்பில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். யாரும் அதை எனக்குத் தருவதாகச் சொல்லவில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

கருவிப் பலகைக்கு ஓப்பாவிடம் பழைய வரைபடம் ஒன்று இருந்தது. இடதுபக்கம் வேகம், உயரம் என்று ஆறு வட்ட மணிக்கூடுகள். நடுவில் ரேடியோ. வலதுபக்கம் எஞ்சினுக்கு இன்னும் சில மணிக்கூடுகள். உச்சியில், திரவத்துக்குள் மிதக்கும் திசைகாட்டி. தகட்டை வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் செய்து பார்ப்போம் என்றார் சித்தப்பா. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி எங்கள் சாப்பாட்டு மேசையில் நிறுத்தினார். மணிக்கூடுகளுக்குச் சித்தியின் சமையல் மூடிகளையும் ஊறுகாய்ப் போத்தல் மூடிகளையும் வைத்துச் சுற்றிக் கோடு கீறினார். பின்னால் இரண்டு கதிரைகள். அந்தக் கோடை முழுக்க நாங்கள் விமானத்தின் ஓரத்தில் இருந்துதான் சாப்பிட்டோம். சித்தி மூடிகளைத் தேடிக்கொண்டே திரிந்தார்.

"இவ்வளவு மணிக்கூட்டையும் பாத்துக்கொண்டிருந்தா, வெளியாலை எப்ப பாக்கிறது?" என்று சித்தி கேட்டார். அவர் அந்த அட்டையைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது. சித்தப்பா சிரித்தார்.

பிறகு ஒருநாள், மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தி, களைப்பில் வலதுபக்கக் கதிரையில் இருந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தார். அட்டை அவருடைய கண்மட்டத்துக்கு நின்றது.

"ஒண்டும் தெரியேல்லை. பங்கருக்குள்ளை இருக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார். எழுந்து போய்த் துணியைப் பிழிந்தார்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்த சித்தப்பா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கத்தியை எடுத்து, வலதுபக்க அட்டையை வெட்டி இறக்கினார். என்னை அந்தக் கதிரையில் இருத்தினார்.

"நிலம் தெரியுதோ, பிள்ளை?"

"தெரியுது."

"வடிவாத் தெரியுதோ?"

கம்பளத்தின் ஓரம் தெரிகிறது, பூ தெரியவில்லை என்றேன். இன்னும் கொஞ்சம் வெட்டினார். பூ தெரியும்வரை வெட்டினார். அந்த வருடம் சித்தியும் நானும் ஒரே உயரம். அவருடைய கம்பளிச் சட்டையை நான் போடுவேன், என் மழைச் சப்பாத்தை அவர் போட்டுக்கொண்டு குப்பை கொட்டப் போவார். ஆனால் அந்தக் கதிரையில் இருந்தது நான். நிலம் தெரிகிறதா என்று கேட்டது என்னிடம். அட்டை எனக்காகத்தான் இறங்கியது என்று நம்புவதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வலதுபக்கம் இறங்கியதும் ஒரு சிக்கல் வந்தது. அங்கே இருந்த எஞ்சின் மணிக்கூடுகளுக்கு இடமில்லை. அவற்றை நடுவுக்குத் தள்ளினால் ரேடியோவுக்கு இடமில்லை. ரேடியோவை இடதுபக்கம் தள்ளினால் ஆறு மணிக்கூட்டுக்கும் இடமில்லை. சித்தப்பா மூடிகளை நகர்த்தி நகர்த்தி, தாயக்கட்டை ஆடுகிறவர்போல் இரவும் பகலும் பார்த்துவிட்டுக் கடைசியில் முடிவுக்கு வந்தார். மணிக்கூடுகளை எல்லாம் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் திரை ஒன்றை இடதுபக்கம் பூட்டுவது.

ஓப்பா இதைக் கேட்டதும் கொதித்துப்போனார். தன் வரைபடத்தில் திரை இல்லை என்றார். மணிக்கூடு காற்றிலே வேலை செய்யும், திரை மின்சாரம் நின்றால் கறுப்புக் கண்ணாடி என்றார். சித்தப்பா தனி பேட்டரி வைக்கலாம் என்றார். பேட்டரிக்கு யார் பொறுப்பு என்றார் ஓப்பா. சித்தப்பாவுக்குத் தொலைக்காட்சியில் ஆசை, அதனால்தான் இப்படி என்று நான் ஓப்பாவின் பக்கம் நின்று அபிப்பிராயம் சொன்னேன். இரண்டு வாரம் வேலிக்கு மேலால் வணக்கம் மட்டும்தான் போய்வந்தது. பிறகு ஓப்பாவே ஒரு ரொட்டிப் பாணைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். வேகத்துக்கும் உயரத்துக்கும் இரண்டு சின்ன மணிக்கூடுகள் இருக்கட்டும். திசைகாட்டியில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது, வைத்தால் விமானத்தைக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன் என்றார். சித்தப்பா சம்மதித்தார்.

அலுமினியத் தகட்டில் பலகை வெட்டப்பட்டது. சித்தப்பா அதற்குக் கீழே மல்லாந்து படுத்து, வயர்களைச் சடை பின்னுவதுபோல் கட்டிக்கட்டிக் கொண்டுபோனார். வாரக்கணக்காக அவருடைய கால்களோடுதான் நான் பேசினேன். பலகை முடிந்ததும், விமானத்தைச் சிறகு கழற்றி, கழகத்தின் மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். திரையும் திசைகாட்டியும் ஒரே திசையைக் காட்டின. ஓப்பா அன்றைக்குத்தான் திரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒரு விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் பரிசோதகர் ஒரு சனிக்கிழமை வந்தார். அவரிடம் டெர்மின், அதாவது நாள் குறித்துக் கிடைப்பது பெரிய பாடு. இதை விட்டால் அடுத்தது குளிர்காலம் போன பிறகுதான். நான் வகுப்பில் அறிவித்திருந்த தேதி குளிர்காலத்துக்கு முன்னால் இருந்தது.

பரிசோதகர் எஞ்சினைப் பார்த்தார், சிறகை ஆட்டிப் பார்த்தார், வயர்களைப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னார். கடைசியாக விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய், தரையில் திசைகள் கீறியிருந்த வட்டத்தில் மூக்கு வடக்கே பார்க்க நிறுத்தினோம். திரை வடக்கு என்றது. திசைகாட்டி, ஏறக்குறைய வடகிழக்கு என்றது.

கிழக்கே திருப்பினோம். வித்தியாசம் இன்னும் கூடியது.

"நான் சொன்னேனே," என்றார் ஓப்பா. "திரை பொய் சொல்கிறது."

"திசைகாட்டிக்கு வயதாகிவிட்டது," என்றார் சித்தப்பா.

பரிசோதகர் இருவரையும் பார்த்தார். இரண்டு கருவி இரண்டு திசை காட்டினால் தன்னால் கையெழுத்துப் போட முடியாது, பக்கத்தில் இன்னொரு விமானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன், அதற்குள் கண்டுபிடியுங்கள் என்று போனார்.

சித்தப்பா ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்துப் பார்த்தார். ரேடியோவைக் கழற்றிப் புல்லில் வைத்தார். திரையின் வயரை உருவினார். திசைகாட்டி அசையவில்லை. எனக்கு அழுகை வரப் பார்த்தது. சித்தப்பா இடதுபக்கம் முடிந்து, டோர்ச்சோடு வலதுபக்கப் பலகைக்குக் கீழே தலையை விட்டார். வழக்கம்போல் கால்கள் வெளியே ஆடிக்கொண்டிருந்தன. பிறகு ஆட்டம் நின்றது. ஷொக் அடித்துவிட்டதோ என்று நான் பயந்து குனிந்தேன்.

டோர்ச் வெளிச்சத்தில், வலது இருக்கைக்கு நேர் எதிரே, பலகைக்குப் பின்னால் ஓடும் இரும்புக் குழாயில், பெருவிரல் அளவில் ஒரு பிள்ளையார் ஒட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களின் கார்களில் எல்லாம் முன்னால் இருக்கும் பிள்ளையார். அடியில் காந்தம். தும்பிக்கை நுனியில் வர்ணம் போயிருந்ததால் இது யாருடைய காரில் இருந்து வந்தது என்று எனக்கும் உடனே தெரிந்துவிட்டது. பலகை அலுமினியம், அதில் காந்தம் பிடிக்காது. வைக்க வைக்க விழுந்திருக்கும். இரும்பு எங்கே இருக்கிறது என்று கீழே கைவிட்டுத் தடவித் தடவித்தான் இந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கவேண்டும். குழாயில் ஒரு கீற்றுத் திருநீறும் பூசியிருந்தது.

சித்தப்பா வெளியே வந்தார். கையில் பிள்ளையார். திசைகாட்டி மெதுவாகச் சுற்றிக் கிழக்கில் வந்து நின்றது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. ஓப்பாவைப் பார்த்தார்.

ஓப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வியாழக்கிழமை உன் மனைவி வந்தார். சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றார். நான்தான் சாவி கொடுத்தேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டார், நான் சொல்லவில்லை."

"எந்தப் பக்கம் உட்கார்ந்தார்?" என்று சித்தப்பா கேட்டார்.

"வலதுபக்கம். நெடுநேரம் இருந்தார்."

சித்தப்பா அப்படியே புல்லில் இருந்துவிட்டார். சிரிப்பதுபோல் இருந்தது, ஆனால் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கையில் இருந்த எஞ்சின் கறுப்பு முகத்தில் அப்பியது. திசைகாட்டி சரிவந்த நிம்மதியில்தான் இப்படி என்று நான் நினைத்தேன். எனக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. நான் இருக்கப்போகும் பக்கம் பார்த்துச் சித்தி பிள்ளையாரை வைத்திருக்கிறாரே, என்மேல் எவ்வளவு பாசம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஓப்பாவுக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. "என் திசைகாட்டி பொய் சொல்லவில்லை, உங்கள் கடவுளைத்தான் காட்டிக்கொண்டிருந்தது," என்று திரும்பி வந்த பரிசோதகருக்கும் சேர்த்துச் சொன்னார். பரிசோதகர் பிள்ளையாரை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, காந்தம் இல்லாமல் இவர் பறக்கலாம் என்றார். கையெழுத்துப் போட்டார்.

சித்தப்பா கத்தி முனையால் காந்தத்தைக் கிண்டி எடுத்தார். பிள்ளையாரைத் திரும்பவும் வலதுபக்கமே, இந்தமுறை பலகையின் முன்னால், இருக்கிறவருக்குக் கண்ணில் படும்படி பசை போட்டு ஒட்டினார். அன்று இரவு சாப்பிடும்போது சித்தியிடம், "பிள்ளையாரைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்து வைச்சிருக்கிறன்," என்று மட்டும் சொன்னார். சித்தி "ஓம்" என்றார். சொதியை இன்னொரு கரண்டி ஊற்றினார். அவ்வளவுதான் நடந்தது. சித்திக்கு ஏச்சு விழும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அது சப்பென்று போனது.

முதல் சில வாரங்கள் சித்தப்பா தனியாகவே பறந்து சோதிக்கவேண்டும் என்பது விதி. அது முடிந்து, ஆளை ஏற்றலாம் என்றான ஞாயிற்றுக்கிழமை, நான் புதுச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு காரில் முதல் ஆளாக ஏறி இருந்தேன். சித்தியும் கைப்பையோடு வந்து ஏறினார். என்னை வழியனுப்பத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

மைதானத்தில் சித்தப்பா விமானத்தின் வலதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தார். நான் முன்னால் போனேன். சித்தி என் தோளில் கைவைத்து, தன் கைப்பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் வைச்சிரு, பிள்ளை."

நீட்டினால் வாங்குவதுதானே வழக்கம். வாங்கிவிட்டேன். சித்தி ஏறி இருந்தார். என் அளவுக்கு வைத்த இருக்கைப் பட்டி அவருக்கும் இழுக்காமல் கொள்ளாமல் பொருந்தியது. கதவு சாத்தப்பட்டது. எஞ்சின் கிளம்பியபோது அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டதையும், பிறகு ஒவ்வொரு கையாக எடுத்ததையும் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. விமானம் புல்லில் குதித்து ஓடி எழும்பியது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஓப்பா தன் பையிலிருந்து எனக்குத் தான் சுட்ட ஒரு பணிஸ் எடுத்துத் தந்தார், தானும் ஒன்றைக் கடித்தார். விமானம் ஊரைச் சுற்றிவிட்டு மைதானத்துக்கு மேலால் தாழ வந்தது. கை காட்டக்கூடாது என்றுதான் நின்றேன். கை தானாகப் போய்விட்டது.

இறங்கிய சித்தியைச் சித்தப்பா தாங்கிப் பிடித்தார். நான் கைப்பையைக் கொடுத்துவிட்டு, என்ன தெரிந்தது என்று கேட்டேன். ஆறு, தேவாலயம், எங்கள் வீட்டுக் கூரை, இதில் ஏதாவது ஒன்றையாவது சொல்வார் என்று நின்றேன்.

"ஆக்கள் தெரியினம்," என்றார் சித்தி.

"ஆக்களோ?"

"ஓம். உன்ரை சிவத்தச் சட்டை தெரிஞ்சுது. நீ கை காட்டினது தெரிஞ்சுது. பக்கத்திலை ஓப்பா பணிஸ் தின்னுறதும் தெரிஞ்சுது." பிறகு என்னிடம் இல்லை, சித்தப்பாவிடம் சொன்னார். "மேலையிருந்து பாத்தா ஆக்கள் எண்டு வடிவாத் தெரியுது, என்னப்பா. பிள்ளையள் எண்டுகூடத் தெரியுது."

சித்தப்பா திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பார்க்கிறதற்கு எவ்வளவோ இருக்க, நிலத்தில் பார்க்கக்கூடிய ஆட்களை ஆகாயத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாரே, இதற்கா என் இடத்தைக் கொடுத்தேன் என்று வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். சித்தி என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு என்னை ஏற்றினார்கள். பலகை இறங்கியிருந்த பக்கம் பிள்ளையாரின் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஆறு தெரிந்தது, தேவாலயம் தெரிந்தது, எங்கள் கூரையும் தெரிந்தது. ஒன்றையும் விடாமல் எண்ணிக்கொண்டேன், வகுப்பில் சொல்லவேண்டுமே. திரும்பி மைதானத்துக்கு மேலால் வந்தபோது சித்தப்பா தாழப் பறந்தார். கீழே புல்வெளியின் நடுவில் சித்தி தனியாக நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் கையை வைத்து, எங்கள் சத்தம் தலைக்கு மேலால் போகும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குக் கை காட்டிவிட்டு, வேறு என்ன தெரிகிறது என்று மறுபக்கம் திரும்பிவிட்டேன்.